உங்கள் பெயரில் இன்னொருவர் விற்கிறார்: ஆன்லைன் சந்தையில் டிரேட்மார்க்கைக் காப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் பொருளின் பக்கத்தைத் திறந்தால் அங்கே இன்னொரு விற்பனையாளர் உட்கார்ந்திருக்கிறார். நாம் எடுத்த படம், நாம் எழுதிய விவரம், நம் வாடிக்கையாளர்கள் போட்ட நட்சத்திரங்கள். விலை மட்டும் அவருடையது. சிறு தொழில் நடத்துகிற யாருக்கும் அந்த நிமிடம் வயிற்றில் புளியைக் கரைக்கும். நான் பைகள் தைத்து ஆன்லைனில் விற்பவன். இந்தச் சண்டையை இரண்டு முறை போட்டு, ஒரு முறை தோற்றவன். சக விற்பனையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் கீழே. நான் வக்கீல் இல்லை. வழக்கு என்று போகும்போது உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் பொருளை யாரோ விற்கிறார். முதல் வேலையாக என்ன செய்யட்டும்?

அவரிடமிருந்து ஒன்று ஆர்டர் போடுங்கள். புகார் அப்புறம்.

நான் தோற்ற கதையே இதுதான். என் பை என் விலைக்குக் கீழே விற்பதைப் பார்த்த இரவே, தூக்கம் வராமல், 'போலி' என்று தளத்துக்குப் புகார் தட்டிவிட்டேன். எதிர்த் தரப்பு ஒரே ஒரு காகிதத்தைக் காட்டியது. நானே ஒரு மொத்த வியாபாரிக்குப் போட்ட பில். அவரிடம் விற்காமல் தங்கிய சரக்கை இன்னொருவர் மலிவாக எடுத்து விற்றிருக்கிறார். பை அசல், நான் தைத்தது. புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு மன்னிப்பும் எழுத வேண்டியதாயிற்று. ஒரு பையை வாங்கிப் பார்த்திருந்தால் உள்தையலைப் பார்த்ததும் தெரிந்திருக்கும்.

அவர் செய்வது தவறா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டிரேட்மார்க் என்பது பொருள் யாருடையது என்று காட்டும் பெயரோ சின்னமோ. அதற்கான சட்டம் கேட்பது ஒரே விஷயத்தைத்தான்: இந்தப் பொருள் யாரிடமிருந்து வருகிறது என்பதில் வாங்குகிறவர் ஏமாறுகிறாரா? நமக்கு எரிச்சல் தருகிற எல்லாமே அந்தக் கேள்விக்குள் அடங்காது.

உங்கள் பெயரை ஒட்டிப் போலிச் சரக்கு விற்றால் அது நேரடியான மீறல். உங்கள் பொருளின் பக்கத்திலேயே தன்னையும் விற்பனையாளராகச் சேர்த்துக்கொண்டு, பெயரே இல்லாத வேறு ஏதோ ஒன்றை அனுப்பினாலும் அதே கதைதான். உங்கள் பெயரைப் பார்த்துத்தான் வாடிக்கையாளர் பணம் கட்டினார். தன் சொந்தப் பொருளுக்கு உங்கள் பெயரைப் போலவே ஒலிக்கும் பெயரை வைத்தாலும் கேட்கலாம். ஒரு எழுத்தை மாற்றினால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. எழுத்து, ஒலி, பொருள் மூன்றையும் பார்த்து, குழப்பம் வருமா என்றுதான் எடை போடுவார்கள்.

உங்கள் படங்களைத் திருடிவிட்டார் என்றால் அது பதிப்புரிமை, அதாவது காப்பிரைட். புகார்ப் படிவமே வேறு. பொருளின் வடிவத்தைக் காப்பியடித்து, தன் பெயரில் விற்கிறார் என்றால் அது பெரும்பாலும் டிசைன் பதிவோ (பொருளின் தோற்றத்துக்கான உரிமை) பேட்டண்டோ (கண்டுபிடிப்புக்கான உரிமை) பேச வேண்டிய விஷயம். அவை இல்லையென்றால் சில சமயம் ஒன்றுமே செய்ய முடியாது. விலையைக் குறைத்து விற்கிறார் என்பது மட்டுமே குறை என்றால் அதற்குப் பெயர் போட்டி.

புகார்கள் தள்ளுபடியாவதற்கு நான் பார்த்த வரையில் முதல் காரணம் இதுதான்: குறை உண்மையானது, தட்டிய கதவு தவறானது.

அசல் சரக்கையே வாங்கி மறுவிற்பனை செய்தால் தடுக்கவே முடியாதா?

பொதுவாக முடியாது. ஒரு பொருளை நீங்களே சந்தையில் விற்றுவிட்டால், அந்த ஒரு பொருளின் மீது உங்கள் டிரேட்மார்க் உரிமை தீர்ந்துபோகிறது. வாங்கியவர் அதை உண்மையான பெயரைச் சொல்லியே விற்கலாம். இது இல்லையென்றால் உலகத்தில் பழைய காரைக்கூட விற்க முடியாது.

ஆனால் ஓட்டைகள் உண்டு. 2011இல் ஐரோப்பிய நீதிமன்றம் அழகுப் பொருள் நிறுவனமான லோரியல், ஆன்லைன் சந்தையான ஈபே மீது போட்ட வழக்கில் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கியது. கடைகளில் காட்டுவதற்காக இலவசமாகக் கொடுத்த டெஸ்டர் பாட்டில்கள் 'சந்தையில் விற்கப்பட்டவை' ஆகாது. அவற்றை விற்பதைத் தடுக்கலாம். வெளி அட்டையைக் கழற்றி விற்பதையும் சில நிலைகளில் தடுக்கலாம்: சட்டப்படி இருக்க வேண்டிய விவரங்கள் அதோடு போய்விட்டாலோ, பொருளின் மதிப்பே கெட்டாலோ. அமெரிக்காவில் அளவுகோல் வேறு மாதிரி. மறுவிற்பனைக்கு வரும் பொருள் அசலிலிருந்து முக்கியமான விதத்தில் வேறுபட்டால், உதாரணமாக உங்கள் உத்தரவாதம் அதற்கு இல்லையென்றால், அது 'அசல்' என்ற பாதுகாப்பை இழக்கலாம். ஒரு நாட்டுக்கென்று விற்ற சரக்கை இன்னொரு நாட்டில் கொண்டுவந்து விற்பது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதும் நாட்டுக்கு நாடு மாறும்.

கையில் இருக்கும் நல்ல மருந்து ஒப்பந்தம். மொத்தமாக எடுப்பவரிடம் 'ஆன்லைன் சந்தையில் விற்கக் கூடாது' என்று எழுதி வாங்கலாம். சில நாடுகளின் போட்டிச் சட்டம் இதற்கு எல்லை வைத்திருக்கிறது என்பதால் வாசகத்தை ஒருமுறை வக்கீலிடம் காட்டிவிடுங்கள். அதைவிட எளிது, ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதிக்கும், ஒரு எண் குத்தி, யாருக்கு எந்த எண் போனது என்று நோட்டில் எழுதி வைப்பது. சரக்கு எந்த வழியில் கசிகிறது என்று அந்த எண் காட்டிக்கொடுக்கும்.

சோதனைக்காக வாங்குவதை எப்படிச் செய்வது?

அடுத்து வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தப் பார்சல்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆர்டர் போடுவதற்கு முன் அந்தப் பக்கத்தை முழுசாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விற்பனையாளர் பெயர், விலை, இணைய முகவரி, தேதி, நேரம் எல்லாம் ஒரே படத்தில் தெரிய வேண்டும். விற்பனையாளரின் பெயரைச் சொடுக்கி, அவருடைய விவரப் பக்கத்தையும் எடுத்து வையுங்கள். நாளைக்கே அவர் பெயரை மாற்றிவிடலாம். கடையின் கணக்கிலிருந்து வாங்க வேண்டாம். வீட்டில் ஒருவர் கணக்கிலிருந்து, சாதாரண வாடிக்கையாளராக வாங்குங்கள்.

பார்சல் வந்ததும் உடனே கிழிக்காதீர்கள். மேஜையில் வைத்து ஆறு பக்கமும் படம். கூரியர் லேபிளில் அனுப்பியவர் முகவரி இருந்தால் அது நெருக்கத்தில் ஒரு படம். அப்புறம் போனை ஓரிடத்தில் நிறுத்தி, வெட்டில்லாமல் ஒரே வீடியோவில் பிரியுங்கள்: பொட்டலம் மூடியிருப்பது, கத்தி போடுவது, உள்ளிருந்து பொருள் வெளியே வருவது. உள்ளே இருக்கும் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பில்லில் இருக்கும் பெயரும் தளத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இல்லாதது அடிக்கடி நடக்கிறது.

அடுத்து, உங்கள் அசலைப் பக்கத்தில் வையுங்கள். ஒரே வெளிச்சம், ஒரே கோணம், நடுவில் ஒரு ஸ்கேல். எடைபோடுங்கள். இரண்டாவது சண்டையில் எனக்குக் கைகொடுத்தது ஜிப்பின் இழுப்பான். நான் பித்தளை போடுகிறேன். வந்ததில் முலாம் பூசிய இரும்பு. ஒரு காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனேன், ஒட்டிக்கொண்டது. அந்தப் படத்தையும் என் இழுப்பானில் காந்தம் ஒட்டாத படத்தையும் ஜோடியாக வைத்து அனுப்பினேன். தரம் மட்டம், துணி மட்டம் என்று பத்து வரி எழுதியிருந்தால் படித்திருப்பார்களா தெரியாது. காந்தப் படத்துக்கு மறுகேள்வி வரவில்லை.

பொருளைத் திருப்பி அனுப்பிப் பணத்தை வாங்கிவிடாதீர்கள். அது சான்று. தேதி எழுதி, ஒரு கவரில் போட்டு, உள்ளே வையுங்கள்.

பெயரைப் பதிவு செய்யவில்லை. எத்தனையோ வருடமாக விற்கிறேனே, உரிமை இல்லையா?

நாட்டைப் பொறுத்தது. அமெரிக்கா, இங்கிலாந்து, இந்தியா போன்ற இடங்களில் பதிவில்லாத பெயருக்கும், நீண்ட நாள் பயன்பாட்டால் கிடைத்த நற்பெயரை வைத்து வழக்குப் போடலாம். ஆனால் நற்பெயர் இருக்கிறது என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும்: பழைய பில்கள், விளம்பரங்கள், வாடிக்கையாளர் கடிதங்கள். சீனா போன்ற நாடுகளில் பொதுவாக யார் முதலில் விண்ணப்பித்தாரோ அவருக்கே முன்னுரிமை. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானே தன் பெயரின் சீன வடிவத்தை ஒரு விளையாட்டுப் பொருள் நிறுவனம் பதிவு செய்துகொண்டதை எதிர்த்துப் பல வருடம் போராடினார். 2016இல் சீன உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலும் அவருக்குக் கிடைத்தது பாதி வெற்றிதான். உலகம் அறிந்த மனிதருக்கே அந்தப் பாடு.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆன்லைன் சந்தையின் புகார்ப் படிவத்தில் முதலில் கேட்பதே பதிவு எண்ணைத்தான். அந்தக் கட்டத்தில் 'இருபது வருடமாக விற்கிறேன்' என்று எழுத இடமில்லை.

எந்த மாதிரிப் பெயருக்குப் பதிவு சுலபமாகக் கிடைக்கும்?

பொருளை வர்ணிக்காத பெயருக்கு. 'கோடாக்' என்பது இட்டுக்கட்டிய சொல், அதனால் பலம். 'ஆப்பிள்' பழத்துக்கு வெறும் பெயர், கணினிக்கு நல்ல டிரேட்மார்க். பைக்கு 'உறுதியான பை' என்று பெயர் வைத்தால் யாருக்கும் பதிவு தரமாட்டார்கள். தப்பித்தவறித் தந்தாலும் போட்டியாளர் அந்தச் சொற்களை வர்ணனையாகப் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது. தேடலில் மேலே வர வேண்டும் என்பதற்காகப் பொருளின் பெயரையே கடைப் பெயராக வைக்கும் ஆசை எல்லாருக்கும் வருகிறது. விற்பனைக்கு வசதியாக இருப்பது, தற்காப்புக்கு உதவாது.

வைத்த நல்ல பெயரும் பொதுச்சொல்லாகிப் போகலாம் என்பது ஒரு வேடிக்கை. 'எஸ்கலேட்டர்' ஒரு காலத்தில் ஒரு நிறுவனத்தின் டிரேட்மார்க். 1950இல் அமெரிக்காவில் அந்த உரிமை போனது. 'ஆஸ்பிரின்' அமெரிக்காவில் பொதுச்சொல், கனடாவில் இன்னும் பேயர் நிறுவனத்தின் டிரேட்மார்க். சிறு தொழிலுக்கு இந்தக் கவலை வருகிற அளவுக்கு வளர்ந்தால் சந்தோஷம்தான்.

சொல்லைப் பதிவு செய்வதா, லோகோவையா?

ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் சொல்லை. எழுத்துரு, நிறம் எதுவும் சேர்க்காத வெறும் சொல்லாகப் பதிந்தால் அதை எந்த வடிவத்தில் யார் எழுதினாலும் கேட்கலாம். லோகோவை மட்டும் பதிந்துவிட்டு, நான்கு வருடம் கழித்து லோகோவை மாற்றினால் பதிவு ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் நிற்பீர்கள். பெயர் ரொம்ப வர்ணனையாக இருந்து சொல்லாகப் பதிய மறுத்தால் மட்டும் லோகோவோடு சேர்த்துப் போடுவது இரண்டாவது வழி.

'வகுப்பு' என்கிறார்களே, அது என்ன?

நைஸ் வகைப்பாடு என்ற உலகப் பொதுப் பட்டியலில் 45 வகுப்புகள் உள்ளன. முதல் 34 பொருள்களுக்கு, மீதி 11 சேவைகளுக்கு. சோப்பும் அழகுப் பொருள்களும் 3, தோல் பைகள் 18, உடைகள் 25. நீங்கள் எந்த வகுப்பில் பதிகிறீர்களோ அதைச் சுற்றித்தான் பாதுகாப்பு. பை விற்கிறவர் 35ஐ, அதாவது சில்லறை விற்பனைச் சேவையை, மட்டும் போட்டுவிட்டு 18ஐ விட்டதை நான் பார்த்திருக்கிறேன். 'ஆன்லைன் கடை' என்று யோசித்துப் போட்டாராம். போலிப் பை வந்தபோது அந்தப் பதிவை வைத்துத் தளத்தை நம்பவைக்கப் பெரும்பாடு பட்டார்.

எனக்கு ஒரு நாட்டில்தான் பதிவு. வேறு நாட்டுத் தளத்தில் விற்கிறார்கள்.

டிரேட்மார்க் உரிமை நாட்டு எல்லையோடு நிற்கும். அதே நிறுவனத்தின் தளமாக இருந்தாலும், எந்த நாட்டுச் சந்தையில் மீறல் நடக்கிறதோ அந்த நாட்டுப் பதிவைத்தான் கேட்பார்கள்.

இரண்டு வசதிகள் உண்டு. பாரிஸ் உடன்படிக்கைப்படி, முதல் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் வேறு உறுப்பு நாடுகளில் போட்டால், முதல் விண்ணப்பத்தின் தேதியே அங்கும் செல்லும். நடுவில் வேறொருவர் போட்டிருந்தாலும் நீங்கள்தான் முந்தியவர். இன்னொன்று மாட்ரிட் முறை: உங்கள் நாட்டு அலுவலகம் வழியாக ஒரே விண்ணப்பத்தில், நீங்கள் தேர்ந்தெடுக்கும் நாடுகளுக்குப் போடலாம். 130க்கும் மேற்பட்ட நாடுகள் அதற்குள் வருகின்றன. ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி தனியாகத்தான் முடிவு செய்யும். ஒரு கண்ணியும் இருக்கிறது: முதல் 5 வருடத்துக்குள் உங்கள் சொந்த நாட்டுப் பதிவு விழுந்தால், அதன் மேல் கட்டிய மற்றவையும் அதோடு சரியும். உள்நாட்டில் அஸ்திவாரம் ஆட்டமாக இருப்பவர் யோசித்து இறங்குங்கள்.

விற்கும் நாடு முதலில், பொருளைத் தயாரித்து வாங்கும் நாடு இரண்டாவது. இதுதான் என் வரிசை.

விண்ணப்பம் போட்டாயிற்று, பதிவு வரவில்லை. அதுவரை?

பெயருக்குப் பக்கத்தில் 'டிஎம்' குறி போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடும் குறியைப் பதிவு வந்த பிறகுதான் போட வேண்டும். முன்கூட்டிப் போடுவது பல நாடுகளில் குற்றம்.

ஒரு எச்சரிக்கை. விண்ணப்பம் பொதுப் பதிவேட்டில் ஏறியதும் உங்கள் முகவரிக்கு அரசாங்கக் கடிதம் மாதிரியே முத்திரை எல்லாம் வைத்து 'கட்டணம் கட்டுங்கள்' என்று கடிதங்கள் வரும். உலக அறிவுசார் சொத்து அமைப்பே இதைப் பற்றி எச்சரிக்கிறது. உங்கள் வக்கீலோ அலுவலகத்தின் சொந்த இணையதளமோ கேட்காத பணத்தைக் கட்டாதீர்கள். முதல் கடிதம் வந்தபோது நான் செக் எழுதி, கவரும் ஒட்டிவிட்டேன். தபால்தலை இல்லாததால் தப்பித்தேன்.

அமேசானின் பிராண்ட் ரெஜிஸ்ட்ரி (டிரேட்மார்க் உரிமையாளர்களுக்கான திட்டம்) போன்றவற்றில் சேர்வது அவசியமா?

அந்தத் தளத்தில் விற்பனை இருந்தால் சேருங்கள். சேர்ந்த பின் பொருளின் பக்கத்து வாசகங்களில் உங்கள் சொல்லுக்கு எடை கூடும், மீறல்களைத் தேடிப் புகார் செய்யத் தனிக் கருவி கிடைக்கும். ஒவ்வொரு பொருளிலும் தனித்தனிக் குறியீடு ஒட்டிப் போலியை வடிகட்டும் 'டிரான்ஸ்பரன்சி' திட்டமும் உண்டு. ஒவ்வொன்றாக ஒட்டும் வேலையைச் செய்ய ஆள் இருந்தால் அதைவிடக் கெட்டியான பூட்டு இல்லை. ஈபேயில் 'வெரோ' என்ற பெயரில் உரிமையாளர் திட்டம் இருக்கிறது; மற்ற பெரிய தளங்களிலும் இப்படி ஏதாவது ஒன்று உண்டு.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் சின்னச் சின்னவை. பதிவில் உள்ள பெயரும் நீங்கள் தட்டும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், இடைவெளி உட்பட. பெயர் பொருளிலோ பெட்டியிலோ நிலையாகப் பதிந்திருக்கும் படம் கேட்பார்கள். ஸ்டிக்கரை அவசரமாக ஒட்டிப் படமெடுத்தால் திருப்பி அனுப்புவார்கள். சரிபார்ப்புக் குறியீடு உங்களுக்கு வராது, டிரேட்மார்க் அலுவலகப் பதிவேட்டில் தொடர்புக்கு இருக்கும் நபருக்குப் போகும். அது பெரும்பாலும் விண்ணப்பம் போட்ட வக்கீல். அவருக்கு அந்த மின்னஞ்சல் எதற்கென்றே தெரியாது, குப்பையில் கிடக்கும். முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிவையுங்கள்.

புகாரை எப்படி எழுதுவது?

நகை நிறுவனமான டிஃப்பனி, ஈபே மீது போட்ட வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் சொன்னது இந்தத் தொழிலையே வடிவமைத்தது. தன் தளத்தில் எங்கோ போலிகள் விற்கின்றன என்று பொதுவாகத் தெரிந்திருப்பது போதாது. குறிப்பிட்ட எந்த விற்பனை போலி என்று தெரிந்தும் விட்டுவைத்தால்தான் தளம் பொறுப்பு. ஆகவே 'உங்கள் தளம் முழுக்க என் போலிதான்' என்ற புகார் வெறும் புலம்பல். குறிப்பிட்ட பக்கம், குறிப்பிட்ட விற்பனையாளர் என்று சுட்டினால்தான் தளத்துக்கு வேறு வழியில்லாமல் போகும்.

இப்படி எழுதலாம்: "இந்த எண்ணுள்ள டிரேட்மார்க், 18ஆம் வகுப்பில், என் பெயரில் பதிவாகியுள்ளது. கீழ்க்கண்ட பக்கத்தில் இந்த விற்பனையாளர் அதே பெயரில் பை விற்கிறார். இந்தத் தேதியில் இந்த ஆர்டர் எண்ணில் ஒன்றை வாங்கினேன். வந்த பொருள் நான் தயாரித்ததல்ல. ஜிப் இழுப்பான் இரும்பு, என்னுடையது பித்தளை; உள் லேபிளில் லாட் எண் இல்லை, என் பைகள் அனைத்திலும் உண்டு. படங்கள் இணைப்பில். இவருக்கு நான் அனுமதி கொடுத்ததில்லை."

அவ்வளவுதான். அவர் எவ்வளவு கெட்டவர், நீங்கள் எத்தனை இரவு தூங்கவில்லை என்பதெல்லாம் வேண்டாம். படிக்கிறவருக்கு அன்று அடுத்தடுத்து இப்படிப் புகார்கள் காத்திருக்கும்.

போட்டியாளர் என் பெயரை விளம்பரத் தேடல் சொல்லாக வைத்திருக்கிறார். என் பெயரைத் தட்டினால் அவர் பொருள் வருகிறது.

இது எல்லாரையும் கொதிக்க வைக்கும், ஆனால் பெரும்பாலும் தப்பில்லை. கூகுள் விளம்பரங்கள் பற்றி 2010இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: பொருள் யாருடையது என்று சாதாரணப் பயனருக்கு விளம்பரத்தைப் பார்த்தால் தெளிவாகத் தெரியாவிட்டால்தான் பிரச்சினை. ஒரு கைக்கடிகார நிறுவனம் அமேசான் மீது போட்ட வழக்கில் 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதே பக்கம்தான் நின்றது. தேடலில் வந்த மற்றக் கடிகாரங்களின் மேல் அவரவர் பெயர் தெளிவாக இருந்ததால் குழப்பமில்லை என்றது. விளம்பர வாசகத்திலோ பொருளின் தலைப்பிலோ உங்கள் பெயர் தெரிந்தால் அப்போது புகார் செய்யுங்கள்.

'இன்ன பிராண்டுக்குப் பொருந்தும்' என்று என் பெயரைப் போட்டு உதிரிபாகம் விற்கிறார்.

உண்மையாகவே பொருந்தினால், பெயர் தேவையான அளவுக்கு மட்டும் இருந்தால், அனுமதி உண்டு. லோகோவைப் போட்டாலோ உங்கள் பெயரைப் பெரிதாகவும் 'பொருந்தும்' என்பதைப் பொடி எழுத்திலும் போட்டாலோ கேளுங்கள்.

தளம் கை விரித்துவிட்டது. அடுத்து?

மறுத்த காரணத்தைப் படியுங்கள். பாதி நேரம் இணைப்புத் திறக்கவில்லை, பதிவு எண் தவறு, பிரிவு தவறு என்றுதான் இருக்கும். திருத்திப் போடுங்கள்; அதே புகாரை அப்படியே ஐந்து தடவை அனுப்புவதால் ஒன்றும் நகராது.

அதற்கும் மசியவில்லை என்றால் விற்பனையாளரை நேரடியாகப் பிடிக்க வேண்டும். முன்பு அவர் யாரென்றே தெரியாது. இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. அமெரிக்காவில் 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டம் அதிக அளவில் விற்பவர்களின் அடையாளத்தைத் தளங்கள் சரிபார்க்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரியிலிருந்து முழுமையாகச் செல்லுபடியாகிறது. வணிகர்களின் விவரங்களைத் தளம் வாங்கி வைக்க வேண்டும். தளத்தின் மீதே வழக்குப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். காலணி நிறுவனமான லூபுதான், அமேசான் மீது போட்ட வழக்கில் 2022 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், தளமே விற்கிறது என்று வாங்குபவர் நினைக்கும்படி பக்கம் இருந்தால் தளமே டிரேட்மார்க்கைப் பயன்படுத்தியதாகக் கருதப்படலாம் என்றது. ஆனால் அந்தச் சண்டைக்கு லூபுதான் அளவுக்குப் பணம் வேண்டும்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பட்டுமா?

கையில் பதிவும் சோதனைப் பொருளும் இருந்தால் அனுப்புங்கள். பாதிப் பேர் நோட்டீஸோடு விலகிவிடுவார்கள். இரண்டும் இல்லாமல் மிரட்டுவதற்காக அனுப்பாதீர்கள்: இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, இந்தியா போன்ற நாடுகளில் ஆதாரமில்லாத மிரட்டலுக்கு எதிராக அவரே கோர்ட்டுக்குப் போகலாம்.

என் மீதே பொய்ப் புகார் கொடுத்து என் பக்கத்தை முடக்கிவிட்டார்கள்.

போட்டியாளர்கள் கையில் இதுவும் ஒரு ஆயுதம். பண்டிகைக்கு முந்தைய வாரம் பார்த்துச் செய்வார்கள். பதறி எல்லாரையும் திட்டி எழுதாமல், புகாரில் சொன்ன டிரேட்மார்க் எண்ணைப் பொதுப் பதிவேட்டில் தேடுங்கள். யார் பெயரில், எந்த வகுப்பில், இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான நாடுகளில் 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காலாவதியான எண்ணோடு புகார் கொடுப்பவர்களும் உண்டு. பதிவு செய்துவிட்டுப் பயன்படுத்தாமல் வருடக்கணக்கில் போட்டுவைத்த பெயரை ரத்து செய்யக் கேட்கவும் வழியுண்டு. உங்கள் சொந்தப் பதிவு, கொள்முதல் பில்கள், உங்கள் பொருளின் படம் இவற்றோடு மேல்முறையீடு செய்யுங்கள். புகார் கொடுத்தவருக்கும் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பித் திரும்பப் பெறச் சொல்லுங்கள். நான் செய்த மாதிரி அவசரத்தில் தவறாகக் கொடுத்தவராகவும் இருக்கலாம்.

சரக்கு நாட்டுக்குள் வருவதற்கு முன்பே தடுக்க முடியுமா?

முடியும், பலரும் மறந்துவிடுகிற வழி இது. போலி டிரேட்மார்க் சரக்கைச் சுங்கத்தில் நிறுத்த உரிமையாளருக்கு வழி செய்து தர வேண்டும் என்று உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தமே உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. பல நாடுகளில் உங்கள் பதிவைச் சுங்கத்துறையில் பதிந்து வைக்கலாம். சந்தேகச் சரக்கு வந்தால் நிறுத்திவிட்டுத் தகவல் தருவார்கள். அதன் பிறகு ஒப்பந்தப்படி உங்களுக்கு இருப்பது 10 வேலை நாள், தக்க காரணம் இருந்தால் இன்னொரு 10. அதற்குள் சட்ட நடவடிக்கை தொடங்காவிட்டால் சரக்கை விட்டுவிடலாம். பதிந்து வைக்கும்போது அசலுக்கும் போலிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே பக்கத்தில், படத்தோடு கொடுங்கள். பெட்டியைத் திறந்து பார்க்கிறவர் டிரேட்மார்க் நிபுணர் இல்லை.

ஒரு பக்கத்தை எடுக்க வைத்தேன். அடுத்த வாரமே வேறு பெயரில் வந்துவிட்டார்.

வருவார். எனக்கும் வந்தார், மூன்று பெயர்களில். மூன்று பேர் என்று நினைத்து மூன்று தனிப் புகார் எழுத உட்கார்ந்தேன். சோதனைக்கு வாங்கிய பார்சல்களை வரிசையாக மேஜையில் வைத்தபோது கூரியர் லேபிளில் அனுப்பியவர் இடம் மூன்றிலும் ஒரே கிடங்கு எண். மூன்று லேபிளையும் ஒரே படமாக எடுத்து, பழைய புகார்களின் எண்களையும் சேர்த்து, 'ஒரே விற்பனையாளர், மூன்று கணக்குகள்' என்று தலைப்பிட்டு ஒரே புகாராக அனுப்பினேன். பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் இந்த முறை கணக்குகளையே மூடினார்கள்.

இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் கால் மணி நேரம் ஒதுக்கி என் பெயரையும், அதை மக்கள் தப்பாக எழுதும் இரண்டு விதங்களையும் எல்லாத் தளங்களிலும் தேடுகிறேன். பித்தளை இழுப்பானையும் விடவில்லை. இரும்பு மலிவுதான் என்றாலும், காந்தம் ஒட்டக் கூடாது.